வழக்கமும் கணக்கும்: பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர், 1927–1938



நினைவுச் சொற்பொழிவை மறைந்தவருக்கு மாலை போடும் சடங்காக நம் அரங்கு ஒருபோதும் நடத்தியதில்லை. அவர் விட்டுச் சென்ற வேலையில் ஒரு பகுதியைக் கையிலெடுத்து, ஓரடியேனும் முன்னே நகர்த்துவதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை. அந்த எண்ணத்தோடுதான் இந்த ஆண்டுக்கான பொருளைத் தேர்ந்தோம். எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர், தன் மக்களின் கூலியையும் குத்தகையையும் அவைக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும்? பெரும்பான்மை இல்லாதவர் பேசி என்ன பயன்? இந்தக் கேள்விகளுக்கு வரலாற்றில் ஒரு தெளிவான விடை இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப் போகிறோம்.

பாபாசாகேப் அம்பேத்கரை நாம் பெரும்பாலும் மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்கிறோம். மகாட் குளக்கரை, அரசமைப்பு அவை, நாக்பூர் தீக்‌ஷா பூமி. சுவரொட்டிகளிலும் மேடைகளிலும் இந்த மூன்று படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நான்காவதாக ஓர் இடம் உண்டு. அது பம்பாய் மாகாணத்தின் சட்டமேலவையும், பிறகு வந்த சட்டமன்றமும். அங்கே அவர் நிலவரியைப் பற்றிப் பேசினார். ஊர்ப் பணியாளருக்குத் தரப்படாத சம்பளத்தைப் பற்றியும், கொங்கண் விவசாயியின் நெல்லைப் பற்றியும், ஆலைத் தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையைப் பற்றியும் பேசினார். அவர் கொண்டுவந்த முக்கியமான மசோதாக்களில் எதுவும் அவர் கையால் சட்டமாகவில்லை. அதனாலேயோ என்னவோ, நம் நினைவிலும் இந்தப் பக்கம் மங்கிப் போயிருக்கிறது.

ஆனால் அந்தத் தோல்விகளுக்குள் ஒரு வேலைமுறை இருக்கிறது. சாதிச் சமூகம் எதையெல்லாம் ‘வழக்கம்’ என்று சொல்லி மூடி வைத்திருந்ததோ, அதையெல்லாம் அவர் ‘கணக்கு’ ஆக்கினார். யார் உழைக்கிறார், யார் பெறுகிறார், எவ்வளவு, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டார். இந்தச் சொற்பொழிவின் மையம் அதுதான்.

1. நியமன உறுப்பினரின் முதல் மாதம்

1926-இன் இறுதியில் பம்பாய் ஆளுநர் அம்பேத்கரைச் சட்டமேலவைக்கு நியமித்தார். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அவை அது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு. தீண்டப்படாத மக்களுக்குத் தேர்தல் வழியாக வருவதற்கான வாசலே இல்லை. அரசு நியமித்தால்தான் உண்டு. நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்கு நன்றியோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதியை அவர் முதல் கூட்டத்திலேயே மீறினார்.

1927 பிப்ரவரி 24 அன்று வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசும்போது, அவர் நிலவரியை எடுத்துக்கொண்டார். வருமான வரிக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே சம்பாதிப்பவர் வரி கட்ட வேண்டியதில்லை, வருமானமே இல்லாத ஆண்டில் யாரும் கேட்கப் போவதில்லை. நிலவரி அப்படியல்ல. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் கட்ட வேண்டும், நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் கட்ட வேண்டும். விளைந்தாலும் பொய்த்தாலும் கட்ட வேண்டும். இது என்ன நியாயம் என்பதே அவர் கேள்வி. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொது நிதியும் பணமும் படித்தவரின் கேள்விதான் அது. ஆனால் அந்தப் படிப்பு அங்கே சிறு விவசாயியின் வயிற்றுக்காகப் பேசியது.

மார்ச் 12 அன்று கல்வி மானியத்தின் மீது பேசினார். கல்விக்கு ஆளுக்கு 14 அணா செலவழிக்கும் அரசு, மதுவின் மூலம் ஆளுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். மக்களிடமிருந்து அந்த வழியில் எடுப்பதையாவது கல்வியாகத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த வாரம், மார்ச் 19, 20 தேதிகளில் அவர் மகாடில் இருந்தார். சவதார் குளத்து நீரை நம் மக்கள் அள்ளிக் குடித்த நாள் மார்ச் 20.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவையில் நிலவரி, அவையில் கல்விச் செலவு, குளக்கரையில் தண்ணீர். ஒரு மாதத்துக்குள் மூன்றும். அவை அரசியல் வேறு, தெருப் போராட்டம் வேறு என்று இன்று நாம் போட்டுக்கொள்ளும் கோடு அவரிடம் இருக்கவில்லை.

2. மகர் வத்தன்: சம்பளம் இல்லாத அரசு வேலை

1928 ஆகஸ்ட் 3 அன்று அவர் ஒரு மசோதாவை முன்வைத்தார். 1874-ஆம் ஆண்டின் பம்பாய் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்துவதற்கான மசோதா அது. பெயரைக் கேட்டால் ஏதோ நிர்வாக நுணுக்கம் போலத் தோன்றும். உண்மையில் மகாராஷ்டிரத்தின் ஒவ்வோர் ஊரிலும் இருந்த மகர் சேரியின் பொருளாதாரமே அதற்குள் அடங்கியிருந்தது.

மகர்கள் ஊரின் கீழ்நிலைப் பணியாளர்கள். அரசு அதிகாரி வந்தால் உடன் போக வேண்டும். தாக்கீது கொண்டுபோக வேண்டும். வசூலான வரிப்பணத்தைக் கருவூலம் வரை காவலோடு சுமக்க வேண்டும். எல்லைத் தகராறில் சாட்சி சொல்ல வேண்டும். இரவு, பகல் என்ற கணக்குக் கிடையாது. இதற்கு ஈடாக இரண்டு வகையில் ஊதியம். ஒன்று வத்தன் நிலம். மூதாதையருக்கு எப்போதோ கொடுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் துண்டுபட்டுக் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. அதற்கும் ‘ஜூடி’ என்று அரசு ஒரு வரி வாங்கியது. மற்றொன்று ‘பலுத்தா’, அறுவடையின்போது ஊர் விவசாயிகள் கொடுக்கும் தானியம். கொடுத்தால் உண்டு. மகர் ஏதாவது எதிர்த்துப் பேசியிருந்தால் இல்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெட்டியான், தோட்டி, தலையாரி என்ற பெயர்களும், களத்துமேட்டில் கடைசியாக அளந்து போடப்படும் நெல்லும் நம் பாட்டன், பூட்டன் காலத்து நினைவுகள்தாம்.

அம்பேத்கர் அவையில் கேட்டது எளிய கேள்வி. வேலை வாங்குவது அரசு. சம்பளம் கொடுப்பது யார்? அரசு விவசாயியைக் கைகாட்டுகிறது. விவசாயி அதைத் தன் தயவாக நினைக்கிறார். ஆகவே மகர் அரசுக்கு உழைத்து, ஊருக்குக் கைகட்டி நிற்கிறார். பதவியில் இருக்கும் மகர் ஊரில் இல்லாவிட்டால் அவர் குடும்பத்தில் இருக்கும் வேறு யாரையாவது அரசு இழுத்துப் போகிறது. ஒருவருக்குக்கூடப் போதாத ஊதியத்தில் ஒரு குடும்பமே அடிமைப்பட்டுக் கிடக்கிறது.

மசோதா சொன்ன தீர்வும் எளியது. இந்தப் பணி வேண்டாம் என்று நினைக்கும் வத்தன்தார் முழு நிலவரியைக் கட்டிவிட்டு நிலத்தை வைத்துக்கொண்டு பணியிலிருந்து விடுபடலாம். பணியில் தொடர்பவருக்குரிய பலுத்தாவை நிலவரியோடு சேர்த்துப் பணமாக வசூலித்துக் கொடுக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலைகள் என்னென்ன என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். களத்துமேட்டில் கையேந்திப் பெற்ற தானியத்தைச் சம்பளமாக மாற்றும் முயற்சி அது. தயவு, சம்பளமாக மாறும் இடத்தில் சாதி தன் பிடியில் பாதியை இழக்கிறது.

எதிர்ப்பும் அங்கிருந்துதான் வந்தது. வருவாய்த் துறை செலவைக் காட்டி எதிர்த்தது. இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த உழைப்புக்கு ஆளமர்த்திச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும் என்ற கவலை அது. தேர்வுக் குழுவுக்குப் போன மசோதா உருமாறித் திரும்பியது. 1929 ஜூலையில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நாம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வத்தனை விட்டுவிடலாமா என்பதில் மகர் மக்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. அது தங்கள் பரம்பரை உரிமை, ஊரில் தங்களுக்கிருக்கும் ஒரே பிடிமானம் என்று நினைத்தவர்கள் பலர். கையில் இருக்கும் துண்டு நிலமும் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. அம்பேத்கர் அந்த அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. நிலம் கையைவிட்டுப் போகாமல் பணி மட்டும் போகும்படி மசோதாவை எழுதினார். அதே நேரத்தில், இந்தப் பிடிமானம்தான் மகர் இளைஞரை ஊரைவிட்டு வெளியேறவும் வேறு வாழ்வைக் கனவு காணவும் விடாமல் கட்டி வைத்திருக்கிறது என்று தன் மக்களிடமே சொன்னார். மக்களின் கோரிக்கையை அவைக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. அந்தக் கோரிக்கையைப் பற்றி மக்களோடு விவாதிப்பது இன்னொரு வேலை. பிரதிநிதி இரண்டையும் செய்ய வேண்டும்.

3. பரேலும் ரத்னகிரியும்

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் தேர்தல் வழி ஆட்சியைக் கொண்டுவந்தது. 1936-இல் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். கட்சியின் பெயரில் சாதி இல்லை, தொழிலாளர் என்ற சொல் இருந்தது. குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்பு, நில அடமான வங்கிகள், உற்பத்தியாளர் கூட்டுறவுகள், தொழிற்கல்வி ஆகியவை அதன் அறிக்கையில் இடம்பெற்றன.

1937 பிப்ரவரித் தேர்தலில் கட்சி 17 இடங்களில் நின்று 14 இடங்களை வென்றது. மொத்தம் 175 பேர் கொண்ட அவை. காங்கிரஸ் பெரிய கட்சி, பி. ஜி. கேர் தலைமையில் ஜூலையில் அமைச்சரவை அமைந்தது. 14 பேரோடு அம்பேத்கர் எதிர்வரிசையில் அமர்ந்தார்.

அவர் வென்ற தொகுதி பைகுல்லா–பரேல். அங்கே அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று புகழ்பெற்ற பந்துவீச்சாளர். சமார் சமூகத்தில் பிறந்தவர். அம்பேத்கர் பெற்ற வாக்குகள் 13,245. பாலு பெற்றவை 11,225. தீண்டப்படாதவருக்கு எதிராகத் தீண்டப்படாதவரையே நிறுத்தும் உத்தி இன்று நேற்று வந்ததல்ல.

பைகுல்லா–பரேல் என்றால் பஞ்சாலைப் பகுதி. சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் கூட்டம் கூட்டமாகத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும் பங்கினர் கொங்கண் கரையிலிருந்து, குறிப்பாக ரத்னகிரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அம்பேத்கரின் பூர்வீக ஊரான அம்பாவடேவும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆணோ பெண்ணோ ஆலையில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். ஊரில் இருந்தவர்கள் குத்தகை நிலத்தில் பாடுபட்டார்கள். ஆலைக்கூலி குறைந்தால் ஊரில் குத்தகை பாக்கி ஏறும். ஊரில் நெல் பங்கு கூடினால் இன்னொரு மகன் ஆலைவாசலில் வந்து நிற்பான்.

ஆகவே அவர் தொகுதி மக்களின் வாழ்க்கை, தொகுதியின் எல்லைக்குள் முடிந்துவிடவில்லை. பரேலின் பிரதிநிதி ரத்னகிரியின் நிலத்தைப் பற்றிப் பேசியது அதனால்தான். நம் ஊர்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் போய், அங்கே வேலை செய்துகொண்டு இங்கே கடன் அடைக்கும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பு உடனே புரியும்.

4. கோத்தி ஒழிப்பு மசோதா

ரத்னகிரியிலும், கொலாபா, தாணே மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருந்தது கோத்தி முறை. அரசுக்கும் விவசாயிக்கும் நடுவில் ‘கோத்’ என்றொருவர். ஊரின் நிலவரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு அவருடையது. கட்டியது போக மிச்சமெல்லாம் அவருக்கு. நெல்லில் பாதி, புன்செய்த் தானியத்தில் மூன்றில் ஒன்று என்று பல இடங்களில் பங்கு வாங்கினார். அதோடு கூலியில்லா உழைப்பும் உண்டு. 1880-ஆம் ஆண்டின் கோத்தி தீர்வைச் சட்டம் இந்த இடைத்தரகை ஒழுங்குபடுத்தியதே தவிர ஒழிக்கவில்லை.

கோத்துகளில் பலர் பார்ப்பனர்கள். மராத்தியரும் முஸ்லிம்களும்கூட இருந்தார்கள். குத்தகை விவசாயிகளில் பெரும்பான்மையினர் குன்பிகள். மகர்களும் பிறரும் இருந்தார்கள். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். மகர் தலைவர் ஒருவர் கையிலெடுத்த மசோதாவால் எண்ணிக்கையில் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் சாதி இந்துக்களான குன்பி விவசாயிகள். இது தற்செயலாக நடந்ததல்ல. 1929 ஏப்ரலில் சிப்ளூணில் நடந்த ரத்னகிரி மாவட்ட விவசாயிகள் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியபோதே இந்த வேலை தொடங்கிவிட்டது. கொலாபா மாவட்டத்தின் சரி கிராமத்தில் நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் 1930-களில் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நிலத்தை உழாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தோடும் அம்பேத்கர் தொடர்பில் இருந்தார்.

1937 செப்டம்பர் 17 அன்று கோத்தி ஒழிப்பு மசோதாவை அவர் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். கோத்தின் உரிமை ஒழிக்கப்பட வேண்டும். அதற்கு அவருக்கு நியாயமான இழப்பீடு தரப்படலாம். நிலத்தில் பாடுபடுபவருக்கு நிலவருவாய்ச் சட்டத்தின்படி நேரடி உடைமையாளர் தகுதி கிடைக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். வத்தன் சட்டத் திருத்தத்தையும் அதே ஆண்டு மீண்டும் கொண்டுவந்தார்.

மேடைகளில் விவசாயிகளுக்காகப் பேசிய காங்கிரஸ் இப்போது ஆட்சியில் இருந்தது. வருவாய்த் துறை மொரார்ஜி தேசாயின் கையில். ஆனால் தனிநபர் மசோதா எதிர்க்கட்சியிடமிருந்து வந்தால் அதை வாக்கெடுப்பில் தோற்கடிக்கக்கூடத் தேவையில்லை. நேரம் கொடுக்காமல் விட்டாலே போதும், அது தானாகக் கிடந்து சாகும். கோத்தி மசோதாவுக்கு நேர்ந்தது அதுதான்.

அவை கதவை மூடியதும் அவர் மக்களை அவையின் வாசலுக்கு அழைத்தார். 1938 ஜனவரி 10 அன்று தாணே, கொலாபா, ரத்னகிரி, சத்தாரா, நாசிக் மாவட்டங்களிலிருந்து சுமார் 20,000 விவசாயிகள் பம்பாயில் திரண்டு, சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் சியாம்ராவ் பருலேகரும், குஜராத்தின் விவசாயத் தலைவர் இந்துலால் யாக்னிக்கும் அதில் பங்கெடுத்தார்கள். கோத்தி ஒழிப்பு முதன்மைக் கோரிக்கை. விவசாயக் கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

இந்த இரண்டாவது கோரிக்கையை நாம் அடிக்கோடிட வேண்டும். குத்தகையாளரை உடைமையாளர் ஆக்கினால், குத்தகையாவது உள்ளவருக்குத்தான் நிலம் வரும். குத்தகைகூட இல்லாமல் கூலிக்குப் போகிறவருக்கு என்ன வரும்? பிற்காலத்தில் இந்தியாவெங்கும் நடந்த நிலச் சீர்திருத்தங்களில் தலித்துகள் வெளியே நிறுத்தப்பட்டது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். இடைநிலைச் சாதியினருக்கு நிலம் வந்தது; சேரிக்குக் கூலி வேலை மட்டும் மிஞ்சியது. குன்பி விவசாயியின் குத்தகை உரிமையையும் நிலமற்ற மகரின் கூலியையும் ஒரே ஊர்வலத்தில் கோரிக்கையாக வைத்தது, கூட்டணி என்றால் நம் கோரிக்கையை மறந்துவிட வேண்டும் என்று பொருளல்ல என்பதைக் காட்டுகிறது.

5. நெசவுக் கூடமும் வேலைநிறுத்தமும்

பரேல் தொகுதிக்குள்ளேயே இருந்த பிரச்சினைக்கு வருவோம். பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அந்தப் பிரிவில் தீண்டப்படாத தொழிலாளருக்கு இடமில்லை. காரணம் ஒரு சிறிய கருவி. நாடாவில் நூல் தீர்ந்தால் புது நூலை வாயால் உறிஞ்சி இழுத்துக் கோக்க வேண்டும். மகர் வாய்வைத்த நாடாவில் மராத்தியத் தொழிலாளி வாய்வைக்க மாட்டார். அந்த எச்சில் தீட்டு ஒரு சமூகம் முழுவதையும் குறைந்த கூலிப் பிரிவுகளில் அடைத்து வைத்தது.

1928-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நெசவுப் பிரிவைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்படி அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களை வற்புறுத்தினார். தயக்கத்தோடுதான் சேர்த்தார்கள். இது எங்கள் ஏற்பாடு அல்லவே என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கதவைச் சாத்தியவர்கள் சக தொழிலாளிகள். முதலாளிக்கு அதில் நட்டமில்லை. பிளவுபட்ட தொழிலாளர் படை அவருக்கு எப்போதும் லாபம்தான். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தலித் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டுமே தொழிலாளரின் எதிரிகள் என்று அவர் பேசியதன் பின்னணி இந்த நெசவுக் கூடம்தான்.

அவைக்குள் அவர் எழுப்பிய தொழிலாளர் பிரச்சினைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1928 ஜூலை 28 அன்று, ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் சுமையில் பெரும் பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும், உழைப்பில் பயன்பெறும் முதலாளியும் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் வாதிட்டார். 1929-இல் பம்பாய் மாகாணத்தில் அது சட்டமானது.

மற்றொன்று 1938-ஆம் ஆண்டின் தொழில் தகராறு மசோதா. செப்டம்பரில் காங்கிரஸ் அரசு இதைக் கொண்டுவந்தது. சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கி, விதியை மீறி வேலைநிறுத்தம் செய்தால் தண்டனை என்றது. செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் பேசினார். வேலைக்குப் போக மறுப்பது ஒப்பந்த மீறலாக இருக்கலாம், உரிமையியல் தவறாக இருக்கலாம், அது குற்றமாகாது. ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவரை உழைக்கச் சொல்லி, மறுத்தால் சிறை என்றால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். நாட்டுக்குச் சுதந்திரம் கேட்பவர்கள் தொழிலாளியின் சுதந்திரத்தை எப்படிக் குற்றமாக்க முடியும் என்பதே அந்த உரையின் உயிர்நாடி.

தலைமுறை தலைமுறையாக, வேலையை மறுக்கவே உரிமை இல்லாதிருந்த சமூகத்திலிருந்து வந்தவர் அதைச் சொன்னார். வத்தன் மசோதாவில் ஊர்ப் பணியை மறுக்கும் உரிமையைக் கேட்ட அதே மனிதர், ஆலை வேலையை மறுக்கும் உரிமையை இங்கே கேட்டார். பத்தாண்டு இடைவெளியில் இரண்டும் ஒரே வாதம். அவையில் மசோதா நிறைவேறியது. நவம்பர் 7 அன்று சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். நெசவுக் கூடத்தில் சேர்ந்து நிற்காதவர்கள் அன்று தெருவில் சேர்ந்து நின்றார்கள்.

6. தோற்றுப்போன மசோதாக்களின் கணக்கு

1939 இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. கோத்தி, வத்தன் இரண்டும் தீராமலே நின்றன. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது முழுத் தோல்வி.

ஆனால் 1949-இல் பம்பாய் கோத்தி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1958-இல் கீழ்நிலை ஊர் வத்தன்களை ஒழிக்கும் சட்டம் வந்தது. அவர் அந்த அவையில் இல்லாத காலத்தில், இரண்டாவது சட்டத்தின்போது அவர் உயிரோடு இல்லாத காலத்தில், அவர் வைத்த கேள்விக்கு அரசு விடை சொல்ல நேர்ந்தது. ஒருமுறை கணக்காக எழுதப்பட்டுவிட்டதை மீண்டும் வழக்கமாக மாற்ற முடியவில்லை.

விடை முழுமையாக இருந்ததா என்றால், இல்லை. வத்தன் நிலங்கள் முன்னாள் வத்தன்தார்களுக்கு நிபந்தனையோடு மறுவழங்கல் செய்யப்பட்டன. அதிகாரியின் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்றார்கள். நம் பஞ்சமி நிலத்துக்கும் இப்படியொரு நிபந்தனை உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் வழி கிடைத்தது அந்த நிலம். பிறர் வாங்கக் கூடாது என்று காகிதத்தில் பாதுகாப்பு. நிலமோ பிறர் கையில். அதைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு தோழர்களை இழந்தோம். சட்டம் எழுதப்படுவது பாதி வேலை. அது நடக்கிறதா என்று ஆண்டுதோறும் அவையில் கேட்கும் ஆள் இருப்பது மறுபாதி.

7. கேட்பவர் யார்?

அந்த ஆள் யார் என்பதுதான் நம் காலத்துக் கேள்வி.

1932-இன் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியை எடுத்துவிட்டு, பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கீட்டு இடங்களைக் கொடுத்தது. அந்த இடங்களில் பெரிய கட்சிகளின் வழியாக வந்தவர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் வாய் மூடியிருந்தார்கள் என்று 1945-இல் அம்பேத்கர் குற்றம் சாட்டி எழுதினார். நம் சென்னை மாகாணத்திலும் அது கண்கூடாக நடந்தது. 1938-இல் எம். சி. ராஜா கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை, ராஜாஜி தலைமையிலான ஆளுங்கட்சி கைவிட்டபோது, அக்கட்சியின் ஒதுக்கீட்டுத் தொகுதி உறுப்பினர்களும் கட்சியோடுதான் நின்றார்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தங்களைத் தேர்ந்தெடுத்த வாக்குகளும் கட்சிச் சீட்டும் யாரிடம் இருந்தன என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

இன்று தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. நாடாளுமன்றத்தின் 39 இடங்களில் 7. 1937-இல் அம்பேத்கருக்கு இருந்தது 14 பேர். எண்ணிக்கையில் நாம் ஏழைகள் அல்ல. ஆனால் வீட்டுமனைப் பட்டா, பஞ்சமி நில மீட்பு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் கூலி, உட்கூறுத் திட்ட நிதி எங்கே போனது என்ற கேள்வி ஆகியவை அவையில் எத்தனை முறை கணக்காகக் கேட்கப்பட்டன? இதற்கு விடை வதந்தியில் இல்லை, அவைக்குறிப்புகளில் இருக்கிறது. அவற்றை எடுத்துப் படிப்பவர்கள்தாம் நம்மிடம் குறைவு.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலையை முன்வைக்கிறோம். ஆளுக்கு ஓர் ஒதுக்கீட்டுத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு அவைக்குறிப்புகளில் அந்த உறுப்பினர் கேட்ட கேள்விகள், பேசிய மானியக் கோரிக்கைகள், பெற்ற பதில்கள் ஆகியவற்றைத் தொகுங்கள். பிறகு அதே தொகுதியின் சேரிகளுக்குப் போய், அங்கே மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் அருகருகே வையுங்கள். எந்தக் கட்சி உறுப்பினரானாலும் சரி, அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் பேசினால் ஊர்வலமாக அவர் பின்னால் நிற்போம். பேசாவிட்டால் அதே காகிதத்தோடு அடுத்த தேர்தலில் மக்கள் முன் நிற்போம்.

களப்பணித் தோழர்களுக்கும் ஒரு சொல். அவைக்குள் நடப்பது வெறும் பேச்சு என்று ஒதுக்குவது நமக்கு வசதியான கோபம். 1938 ஜனவரியில் 20,000 பேர் திரண்டதற்கு முன்னால், நான்கு மாதங்களாக ஒரு மசோதா அந்த அவையில் கிடந்தது. விவசாயிகள் என்ன வேண்டும் என்று கேட்டு வந்தார்களோ, அது ஏற்கெனவே சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருந்தது. மசோதா இல்லாத ஊர்வலமும் ஊர்வலம் இல்லாத மசோதாவும் தனித்தனியே பலவீனமானவை என்று தெரிந்துதான் அவர் இரண்டையும் செய்தார்.

நம் சேரிகளில் இன்றும் வழக்கம் என்ற பெயரில் வாங்கப்படும் உழைப்பு இருக்கிறது. சாவுக்குச் சேதி சொல்வது, பறையடிப்பது, கழிவு அள்ளுவது, திருவிழாவுக்கு முன் தெருக் கூட்டுவது. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்விகளை எழுதத் தொடங்குவோம். எவ்வளவு? யார் கொடுக்க வேண்டும்?

ஜெய் பீம்.